பதினோரு கேன் தண்ணீர்

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெயில் முப்பத்தெட்டு டிகிரி. இது என் வீட்டு முன்சுவர் வெப்பமானியில் இரண்டரை மணிக்குப் பார்த்தது. மூன்று மணிக்கு அரை டிகிரி கூடியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. மேற்கிலிருந்து புழுதிக் காற்று. கடைசியாக மழை பெய்து இருபத்தாறு நாள். வானத்தில் மூன்று மேகங்கள் இருந்தன. மூன்றும் உதவாதவை.

அந்த நிமிடத்தில்தான் எங்கள் தெருப் படிப்பகத்தில் படம் ஓடத் தொடங்கியது. ஆறு ஜன்னல்களையும் போர்வை போட்டு மூடியிருந்தோம். இரண்டு எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து சுவரில் கட்டியதுதான் திரை. நாற்காலிகள் நாற்பத்தெட்டு, தரையில் பாய்கள் ஐந்து. மின்விசிறிகள் நான்கு, அவற்றில் சுற்றுபவை மூன்று. வந்திருந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். அதை நான் வாசலில் நின்று இரண்டு முறை எண்ணினேன்.

எண்ணுவது என் பிழைப்பு. முப்பத்து நான்கு வருஷம் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்களின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதினேன். வருஷத்தில் பாதி நாள் நான் எழுதிய எண் சுழியம். அந்தச் சுழியத்தையும் சைக்கிளில் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகிறது. கண்மாய்கள் போய்விட்டன, எண்ணுகிற புத்தி மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. அரிசி களைகிற தண்ணீரைக்கூட நான் எட்டிப் பார்ப்பதாக என் மனைவிக்கு வருத்தம். அது உண்மைதான். அதனால் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரையும், மாலை நான்கு முதல் ஆறு வரையும் நான் படிப்பகத்தில் இருப்பது என்று ஏற்பாடு. சாவி என்னிடம் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். அந்தக் கூடம் இல்லாவிட்டால் இந்த அருப்புக்கோட்டையில் எனக்குப் போக வேறு இடம் கிடையாது.

கூடம் போகிற நிலையில்தான் இருந்தது. அது எங்கள் நெசவாளர் தெருச் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தின் செயலாளர் நூல் வியாபாரி. வயதில் என்னைவிடப் பதினொன்று சிறியவர் என்றாலும் தெருவே அவரை அண்ணாச்சி என்பதால் நானும் அண்ணாச்சி என்பேன். கெட்ட மனிதர் அல்ல. நூல் மூட்டைகள் வைக்க அவருக்கு இடம் போதவில்லை, கூடத்தை வாடகைக்குக் கேட்டார். படிப்பகத்துக்கு ஆள் வருவதில்லை என்று சொல்வார்களே என்று பயந்துதான் நான் மாதம் ஒரு படம் என்று ஆரம்பித்திருந்தேன். முதல் படத்தில் கடைசிவரை இருந்தவர்கள் நாற்பத்து நாலு, இரண்டாவதில் இருபத்தேழு, மூன்றாவதில் பதினாலு. இந்த எண்களை நானே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அண்ணாச்சி அதைத்தான் கூட்டத்தில் எடுத்து மரியாதையாகப் படித்துக் காட்டினார். பதினாலு பேருக்கு ஒரு கூடமா சார் என்று கேட்டார். என் கையெழுத்துக்கு நானே எப்படி மறுப்புச் சொல்வது?

இன்னும் ஒரே ஒரு படம் என்று கெஞ்சிக் கேட்டேன். படம் முடிகிற நேரத்தில் நாற்பது பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் படம் காட்டுகிறவரும் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. ஒரு தலை குறைந்தாலும் ஜூலை ஒன்றாம் தேதி சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து பதினொரு நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எல்லோரும் சிரிப்புப் படமாகப் போடச் சொன்னார்கள். நான் எடுத்தது வேறு. மதுரையில் என் மகள் வீட்டில் ஒரு மத்தியானம் பார்த்த படம் அது. ஒரு ஆள், ஒரு படகு, சுற்றிலும் கடல். தீவுகளுக்குச் சாமான் கொண்டுபோகிற படகு. நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, வில்லன் இல்லை, பெண் இல்லை. தொண்ணூற்றாறு நிமிடத்தில் அவன் பேசுகிற வார்த்தைகள் முப்பத்தொன்று, அதிலும் பாதி இன்ஜினைத் திட்டுவது. இதைப் போடப் போகிறேன் என்றதும் என் மகள், அப்பா தெருவையே காலி பண்ணப் போகிறீர்கள் என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்தத் தொண்ணூற்றாறு நிமிடத்தில் நான் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அப்படி நடந்தது கிடையாது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

முதல் அரைமணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காரியாபட்டியிலிருந்து புரொஜெக்டர் கொண்டுவந்திருந்த ஆள், கல்யாண வீடுகளுக்குப் படம் காட்டுகிறவர், ஐந்தாவது நிமிடத்திலேயே சத்தம் வரவில்லையோ என்று வயரைப் பிடுங்கிச் சொருகினார். சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, கடல் சத்தம். பின்வரிசையில் ஒருவர், கரண்ட் இல்லாத நாளில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார். இவன் ஊமையா என்று ஒரு அம்மா கேட்டார். இன்டர்வெல் உண்டா என்று இரண்டு பேர். பன்னிரண்டாவது நிமிடத்தில் மூன்று பேர் டீ குடிக்கப் போனார்கள், திரும்பவில்லை. இருபதாவது நிமிடத்தில் நாற்பத்தைந்து. இருபத்தொன்பதில் நாற்பத்தொன்று. அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யார் எழுந்தாலும் அவரும் திரும்பினார், நானும் திரும்பினேன், இருவர் கண்ணும் சந்தித்துக்கொண்டன. கூடத்திலேயே படத்தைப் பார்க்காமல் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

முப்பத்து நாலாவது நிமிடத்தில் முப்பத்தொன்பது ஆனது. நான் மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். அண்ணாச்சி என்னைப் பார்த்து, பாவம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் படத்தில் அவன் இன்ஜினில் கையைக் கிழித்துக்கொண்டான். உள்ளங்கையில் ரத்தம். படகின் பின்பக்கம் வரிசையாகப் பதினோரு தண்ணீர் கேன்கள் இருந்தன. ஒன்றை எடுத்தான், மூடியைத் திருகினான், கையைக் கழுவினான். பிறகு முகம் கழுவினான். பிறகு ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றி, அதே கேன் தண்ணீரை ஊற்றி, பிழிந்து, மறுபடியும் ஊற்றினான்.

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் வருகிற சத்தம். பின்வரிசையில், இது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி என்று சொன்னாரே, அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏலே, அது நல்ல தண்ணிலே. கழுவுறதுக்குத்தான் சுத்தி உப்புத் தண்ணி கெடக்குல்ல."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எங்கே போர் போட்டாலும் உப்புத்தான். அதனால் எல்லா வீட்டிலும் தண்ணீர் இரண்டு சாதி. உப்புத் தண்ணீர் துவைக்க, கழுவ, குளிக்க. நல்ல தண்ணீர் குடிக்க, உலை வைக்க. வண்டியில் வந்து குடம் கணக்கில் விற்கிறது. உப்புத் தண்ணீர்ச் செம்பு நல்ல தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது எந்தக் குடத்தில் கைவிடக் கூடாது என்பதுதான். கடல் நடுவில் உட்கார்ந்துகொண்டு நல்ல தண்ணீரில் சட்டை அலசுகிற ஒருவனை எங்கள் தெரு பார்த்ததே இல்லை. கொலை நடந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து எல்லோரும் கேன்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கேன் ஐந்து லிட்டர் என்றார் ஒருவர். பத்து இருக்கும் என்றார் இன்னொருவர். அவன் அதை ஒற்றைக் கையால் தூக்குகிற தூக்கிலேயே ஐந்துதான் என்று பெண்கள் பக்கத்திலிருந்து முடிவு வந்தது. அப்படியானால் பதினோரு கேனும் சேர்ந்து நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் ஒன்பது பேர் நாலு குடத்தைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டுவோம், இவன் ஒற்றை ஆள், சிந்தாமல் இருந்தால் இருபத்தேழு நாள் வரும் என்று ஒரு அம்மா விரலை மடக்கிச் சொன்னார். மதுரையில் நான் தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கும் அதுதான். இருபத்தேழு நாள். எழுபத்து நாலு வயதில் முதல்முறையாக ஒரு கூடம் முழுக்க என்னைப் போலவே எண்ணிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவன் கேனைத் தொட்டால் போதும், கூடம் அமைதியாகிவிடும். ஒரு மடக்கு குடித்தால், போதும் போதும் என்பார்கள். மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்தால் நாலு குரல் வரும். கேனை வெயிலில் விட்டுவிட்டுத் தூங்கினானென்று ஒரு கிழவருக்கு அவன்மீது உண்மையான கோபம். யாரோ ஒருவர் போனைக் காதில் வைத்து, வேகமாக வா, ஒருத்தன் நல்ல தண்ணியை வீணாக்குகிறான் என்று சொன்னது என் காதில் விழுந்தது. டீ குடிக்கப் போன மூவரும் திரும்பி வந்தார்கள், கூடவே டீக்கடையில் இருந்த இருவரும். நாற்பத்து நாலு. பிறகு பெண்கள் இருவர். பிறகு நாற்பத்தேழாவது தலையாக உள்ளே நுழைந்தது என் மனைவி. பதினாறு வருஷத்தில் அவள் அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். என்னைப் பார்க்காதது போலப் பாயில் போய் உட்கார்ந்தாள்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அவன் கிழிந்த தார்ப்பாயைப் பாய்மரப் பாயாகக் கட்டினான். கயிறு போதவில்லை, இரண்டு துண்டுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டான். எங்கள் எதிர்வீட்டில் ஐம்பது வருஷமாகத் தார் சுற்றுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். நெசவுக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருவது, அறுந்த இழையை முடிவது, இதுதான் அவர் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சுப் போடுவார் என்று ஒருமுறை நான் எண்ண முயன்று நூற்று எண்பதில் விட்டுவிட்டேன். அவர் பாயிலிருந்து, சத்தம்கூடப் போடாமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"அது நிக்காது. ஒரு இழுப்புல உருவிக்கிரும்."

திரையில் அவன் நிம்மதியாகப் படுத்தான். காற்று வந்தது. தார்ப்பாய் உப்பியது. சரியாக நாலு நிமிடம். முடிச்சு உருவிக்கொண்டது, தார்ப்பாய் தண்ணீரில் விழுந்தது. கூடம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அவன் தோற்றதற்காக அல்ல, எதிர்வீட்டம்மா ஜெயித்ததற்காக. அடுத்து என்ன ஆகும் சொல்லுங்க என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு முடிச்சுதான் தெரியும், கடல் தெரியாது என்று சொல்லிவிட்டார். உணர்ச்சி மிகுந்துபோனதால் பாதிப் பேர் வீட்டில் பேசுகிற தெலுங்குக்கே போய்விட்டார்கள். புரொஜெக்டர்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

எழுபதாவது நிமிடத்தில் மழை வந்தது. படத்தில்தான். இருபத்தாறு நாளாக மழையைக் காணாத ஊரில் அந்த வேட்டித் திரையில் மழை பெய்தபோது பாயில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்து நின்றான். அது பொறுக்கவில்லை எங்கள் ஆட்களுக்கு. கேனைத் திற, தார்ப்பாயை விரி, குழி பண்ணு என்று நாலா பக்கமும் உத்தரவு. கடைசியில் அவனும் விரித்தான். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கியது. உடனே எட்டுப் பத்துப் பேர், முதல் தண்ணியை ஊத்திரு என்றார்கள். எங்கள் வீடுகளில் மழைத் தண்ணீர் பிடித்தால் ஓட்டின் மேல் விழுகிற முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுத்தான் குடத்தை வைப்போம். அந்தத் தார்ப்பாயோ கடலில் விழுந்து ஊறி, அவன் இழுத்தெடுத்துப் போட்டது. அவன் கேட்கவில்லை, ஆசையாகக் குனிந்து குடித்தான், அடுத்த நொடி துப்பினான். அண்ணாச்சி தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். அவர் தலைகளை எண்ணுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

எண்பத்தேழாவது நிமிடம், மணி நாலு முப்பத்தேழு. பத்துக் கேன் காலி. கடைசிக் கேனில் நாலு விரல் தண்ணீர். தொலைவில் ஒரு கப்பலின் விளக்கு. அவன் எழுந்து நிற்க முயன்று விழுந்தான். மறுபடி கையை ஊன்றினான்.

கரண்ட் போய்விட்டது.

அப்போது கூடத்தில் அறுபத்தாறு பேர். ஒருவரும் அசையவில்லை. இருட்டில் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணை எடுத்தால் அவன் முழுகிவிடுவான் என்பது போல. விசிறி நின்ற பிறகு வெக்கை ஏறியது. இரண்டு ஜன்னல் போர்வைகளை அவிழ்த்தோம். மடிக்கணினியிலாவது பார்ப்போமே என்று கேட்டார்கள். அதன் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது, கரண்ட் இருந்தால்தான் ஓடும் என்றார் புரொஜெக்டர்காரர். கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. அவன் பிழைத்தானா செத்தானா என்று வாக்குவாதம் மூண்டது. பிழைத்தான் என்றவர்கள் முப்பத்தெட்டு, செத்தான் என்றவர்கள் இருபத்தொன்று, ஏழு பேர் இரண்டு பக்கமும் சேரவில்லை.

அப்புறம் யாருக்கோ உறைத்தது, இந்தக் கூடத்தில் முடிவு தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று. அறுபத்தாறு முகமும் என் பக்கம் திரும்பின.

நான் வாசலைப் பார்த்தேன். சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டாலும் இந்த வெக்கையில் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? இருபத்தேழு பேர் கிளம்பினால் நான் தீர்ந்தேன். அண்ணாச்சி எழுந்து என் பக்கத்தில் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"சார், நீங்க பாத்திருக்கீகள்ல. பொழைச்சானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"உக்காந்து பாப்போம் அண்ணாச்சி."

"எங்க பாக்க? கரண்டு எட்டு மணிக்கு வருமோ என்னமோ. என் காதுல மட்டும் சொல்லுங்க. ஒருத்தருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"காதுல சொன்னா நீங்க வீட்டுக்குப் போயிருவீக. எனக்கு ஒரு தலை குறையும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. தலையா என்ன தலை என்று கேட்டார். பிறகு முகம் மாறியது. அட, அது ஒன்று இருக்கிறதல்லவா என்றார். நிஜமாகவே மறந்திருந்தார், நடிக்கிற முகம் அதுவல்ல. என்னை ஒரு முறை பார்த்தார், கூடத்தை ஒரு முறை பார்த்தார், மூலையில் தன் மூட்டைகளை அடுக்கப்போகிற இடத்தையும் ஒரு முறை பார்த்தார். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும், மீதியை வெக்கை பார்த்துக்கொள்ளும். அதற்குள் மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அறுபத்து மூன்று.

எதிர்வீட்டம்மா பாயில் இருந்தபடியே கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க குடோன்ல ஒரு ஜெனரேட்டர் கெடக்குமே, அது ஓடுதா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டீசல் இல்லை என்று சொல்லியிருக்கலாம், ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி வெறும் வேட்டித் திரையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, தன் லோடு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடுலே. அவன் அங்க கையை ஊனிக்கிட்டு நிக்கான்."

கரண்ட் போனதிலிருந்து ஜெனரேட்டர் வந்து ஓட முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. அந்த முப்பத்தெட்டு நிமிடத்தில் யாரும் போகவில்லை என்று எழுத ஆசைதான். இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஆனால் சேதி தெருவில் பரவி எட்டுப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அறுபத்தொன்பது. நல்ல தண்ணீர் கேன் மூலையில் இருந்தது, ஆளுக்கு அரை டம்ளர் என்று யாரோ தாங்களாகவே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் கடலைப் பார்த்தவர்கள் யார் யார் என்று ஒரு பேச்சு வந்தது. எல்லோரும் பார்த்திருந்தார்கள், ராமேஸ்வரத்திலோ திருச்செந்தூரிலோ, முழங்கால் ஆழத்துக்கு. அதற்குமேல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தும் காற்று எந்தப் பக்கம், அவன் எங்கே தப்புப் பண்ணினான் என்று அவர்கள் பேசியதைக் கேட்டால் மூன்று தலைமுறையாகப் படகு ஓட்டியவர்கள் என்று நினைக்கத் தோன்றும்.

ஐந்து மணி பதினைந்து நிமிடத்துக்கு ஜெனரேட்டர் உறுமியது. அந்த இரைச்சலில் கடல் சத்தம் கேட்கவே இல்லை. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

கப்பலின் பக்கச் சுவர் திரை முழுக்க நின்றது. மேலேயிருந்து ஒரு கயிறு விழுந்தது. அவன் எட்டினான், தவறியது. இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாம் முறை பிடித்து இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். கூடம் திரையைப் பார்க்கவில்லை, எதிர்வீட்டம்மாவைப் பார்த்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இப்போது சரியாகப் போட்டிருக்கிறான் என்று தலையசைத்தார். அதற்கே பாதிப் பேர் கைதட்டிவிட்டார்கள். கயிறு இறுகியது. அவன் கால் படகை விட்டு எழும்பியது. அவன் சட்டென்று குனிந்தான். எதற்குக் குனிகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. மதுரையில் பார்த்தபோது இங்கே அவன் தடுமாறுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். பாயிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கேனை எடுத்துக்கிட்டு ஏறுறான் பாருங்க."

ஆமாம். முழங்கை மடிப்பில் அந்தக் கடைசிக் கேன். நாலு விரல் தண்ணீர் உள்ளே ஆடியது. கப்பல் நிறையத் தண்ணீர் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. அவன் மேலே போகப் போக அந்தக் கேனும் கூடவே போனது, அதோடு படம் முடிந்தது. கேன்கள் பதினொன்று என்று சரியாக எண்ணின நான், பதினோராவது கேன் எங்கே போனது என்று பார்க்காமலே விட்டிருக்கிறேன்.

கூடம் எழுந்து நின்றது. விசில், கைதட்டல், நாற்காலிகளைத் தட்டுகிற சத்தம். செத்தான் என்று சொன்ன இருபத்தொரு பேரும் சேர்ந்துதான் கத்தினார்கள். நம்ம ஊர்க்காரனாகிவிட்டான் என்று கிழவர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மணி ஆறேகால் வரை தெருவில் நின்று பேசினார்கள். தான் முடிச்சுப் போட்டிருந்தால் ஆறு நாள் முன்னாடியே கரையேறியிருப்பான் என்று எதிர்வீட்டம்மா. அந்தச் சட்டையை அலசாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று டீ குடிக்கப் போன மூவர். நான் ஒவ்வொரு கும்பலாகப் போய் நின்று கேட்டேன், பதினேழு அபிப்பிராயம் வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண மறந்துவிட்டேன்.

அண்ணாச்சி தீர்மான நோட்டை எடுத்து மேசையில் விரித்தார். கடைசி ஒன்பது நிமிடத்துக்கு வந்தவர்களையும் சேர்க்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார், வியாபாரி அல்லவா. முடிகிற நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை, எப்போது வந்தார்கள் என்று அதில் இல்லை என்றேன். படித்துப் பார்த்தார். இல்லைதான்.

"அறுபத்தொம்பதுங்கிறது என்னையும் சேத்தா சார்?"

"உங்களையும் சேத்துத்தான்."

"என்னை விட்டா அறுபத்தெட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அறுபத்தொன்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கூடம் படிப்பகமாகவே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தார். மூட்டைகளுக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்றார். நான் எண்ணை ஒரு முறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

படம் போடுகிறவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். புரொஜெக்டர் வாடகை ஆயிரத்து இருநூறு, அவர் காத்திருந்ததற்கு முந்நூறு, லோடு ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது, டீசலுக்கு அண்ணாச்சி தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்ட இருநூற்று முப்பத்தைந்து, என்னையும் புரொஜெக்டர்காரரையும் சேர்த்து எழுபத்தொரு டீ எண்ணூற்று ஐம்பத்திரண்டு, படம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தாகமெடுத்துக் காலியான நல்ல தண்ணீர் கேன்கள் மூன்றுக்கு நூற்றைந்து. ஆக மொத்தம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ரூபாய்.